எழுபண்புக் குவாண்டம் கோட்பாடுகளில் ஈர்ப்பு: ஒரு விமர்சனம்

குவாண்டம் இயக்கவியல் இயற்கையின் அடிப்படை விதி அல்ல, அதற்கும் அடியில் உள்ள வேறொரு விதியின் கூட்டு விளைவு என்று கருதும் கோட்பாடுகளை எழுபண்புக் குவாண்டம் கோட்பாடுகள் எனலாம். 1960-களிலிருந்து இத்தகைய முயற்சிகள் பல நடந்துள்ளன. இவற்றில் பெரும்பாலானவை ஈர்ப்பை ஒதுக்கிவிட்டுத் தொடங்கின, அல்லது தேவைப்பட்ட இடத்தில் மட்டும் துணைக்கு அழைத்தன. ஈர்ப்பை முழுமையாகச் சேர்க்கும்போது இவை நிற்கின்றனவா என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி.

இக்கேள்விக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் ஒரு தொடர்பு உண்டு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள ஸ்ரீரங்கம் தீவில், திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று சி.வி. ராமன் பிறந்தார். அவருடைய அண்ணன் சி. சுப்பிரமணிய அய்யரின் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். குவாண்டம் விதியும் ஈர்ப்பும் ஒரே பொருளில் மோதினால் என்ன ஆகும் என்பதை முதன்முதலில் எண்களோடு காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். அவருடைய கண்டுபிடிப்பு இன்றும் இக்கோட்பாடுகளுக்கு ஓர் உரைகல்லாக இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்த எழுத்தாளர் சுஜாதா, தமிழில் அறிவியல் வாசிக்கும் பெரிய வாசகர் கூட்டத்தை உருவாக்கினார். அவ்வழியில் வந்த வாசகர் இன்று இணையத்தில் இரண்டு வகைச் செய்திகளைச் சந்திக்கிறார். ஒன்று, குவாண்டமே இறுதி உண்மை, அதன் விந்தையைக் கேள்வி கேட்கக் கூடாது என்பது. மற்றொன்று, குவாண்டம் வீழ்ந்துவிட்டது, அதற்கு அடியில் எல்லாம் உறுதியாகவே நடக்கிறது என்பது. இரண்டுமே அவசர முடிவுகள். எப்படி என்று பார்க்க, முதலில் எழுபண்பு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

எழுபண்பு என்றால் என்ன

முக்கொம்பு மேலணையில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. அங்கே எத்தனை கனஅடி நீர் எந்தப் பக்கம் போகிறது என்று கணக்கிடும் பொறியாளருக்கு நீர் மூலக்கூறுகளைப் பற்றிய கவலை இல்லை. நீரோட்டம், அழுத்தம், சுழல் ஆகியவை தனி மூலக்கூறுக்குப் பொருந்தாத சொற்கள். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் சேரும்போது மட்டுமே அவை பொருள் பெறுகின்றன. வெப்பநிலையும் அப்படித்தான். இவ்வாறு அடிமட்டத்தில் இல்லாமல் கூட்டத்தில் தோன்றுவதே எழுபண்பு.

குவாண்டம் இயக்கவியலும் அப்படியானதாக இருக்கலாமா? அலைச்சார்பு, நிச்சயமின்மை, ப்ளாங்க் மாறிலி ஆகியவை வெப்பநிலையைப் போன்ற சராசரிகளாக இருக்கலாமா? கேள்வி நியாயமானது. ஒரு கோட்பாடு எவ்வளவு துல்லியமாகப் பொருந்தினாலும் அதுவே இறுதியானது என்று ஆகிவிடாது. வெப்ப இயக்கவியலும் துல்லியமாகப் பொருந்தியது, பிறகு அதன் அடியில் அணுக்கள் இருப்பது தெரியவந்தது.

முக்கிய முயற்சிகள்

எட்வர்ட் நெல்சன் (1966): துகள் ஒன்று கண்ணுக்குத் தெரியாத அதிர்வுகளால் பிரௌனியன் இயக்கம் போல அலைக்கழிக்கப்படுகிறது என்று கொண்டு, அதிலிருந்து ஷ்ரோடிங்கர் சமன்பாட்டை வருவித்தார். அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அக்கோட்பாட்டில் விடை இல்லை. சாதாரண பிரௌனியன் இயக்கத்தில் உராய்வு இருக்கும், இதில் உராய்வு இல்லை. அலைச்சார்பு ஒரு சுற்று சுற்றி வந்தால் அதே மதிப்புக்குத் திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையும் இவ்வழியில் தானாகக் கிடைப்பதில்லை என்று திமோதி வால்ஸ்ட்ரோம் பின்னர் சுட்டிக்காட்டினார்.

ஸ்டீபன் அட்லர் (2004): பிரின்ஸ்டன் உயராய்வு நிறுவனத்தைச் சேர்ந்த இவருடைய நூல் இத்துறையின் மிக விரிவான முயற்சி. இதில் அடிப்படை மாறிகள் எண்கள் அல்ல, அணிகள். அணிகளைப் பெருக்கும்போது வரிசையை மாற்றினால் விடை மாறும். அணியின் மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டலைக் கொண்டு இயக்க விதி எழுதப்படுவதால் இதற்கு ட்ரேஸ் டைனமிக்ஸ் என்று பெயர். இதில் மாறாமல் காக்கப்படும் ஓர் அளவு உண்டு. வெப்பச் சமநிலையில் ஆற்றல் எல்லாத் திசையிலும் சமமாகப் பங்கிடப்படுவது போல, இந்த அளவும் சமமாகப் பங்கிடப்படுகிறது. ஒவ்வொரு மாறிக்கும் கிடைக்கும் அந்தப் பங்குதான் ப்ளாங்க் மாறிலி. இது உண்மையிலேயே அழகான முடிவு.

கெரார்ட் ட ஹூஃப்ட் (1999 முதல்): நோபல் பரிசு பெற்ற இவர், அடியில் எல்லாம் படிப்படியாக, உறுதியான விதிப்படி மாறும் செல்லுலார் ஆட்டோமேட்டன் போன்றது என்கிறார். கருந்துளைகள் எழுப்பிய கேள்விகளே இவரை இவ்வழிக்குக் கொண்டுவந்தன.

இவை அனைத்தும் பெல் தேற்றத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1964-இல் ஜான் பெல் நிறுவியதும், 2022 நோபல் பரிசு பெற்ற அலென் ஆஸ்பெ, ஜான் கிளாசர், ஆன்டன் ஜைலிங்கர் ஆகியோரின் சோதனைகள் உறுதிசெய்ததும் இதுதான்: அடியில் எந்த இயந்திரம் இருந்தாலும் அது அந்தந்த இடத்தோடு நின்றுவிடும் எளிய இயந்திரமாக இருக்க முடியாது. ஒன்று, தொலைவைக் கடந்த தொடர்பை ஏற்க வேண்டும். இல்லையேல் சோதனையாளரின் தேர்வுகளே முன்கூட்டித் தீர்மானிக்கப்பட்டவை என்று சொல்ல வேண்டும். ட ஹூஃப்ட் இரண்டாவது வழியில் செல்கிறார்.

ஈர்ப்பு எழுப்பும் சிக்கல்

நீரோட்டம் மூலக்கூறுகளிலிருந்து எழுகிறது. ஆனால் ஆற்றுப்படுகை எழவில்லை, அது முன்பே இருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கணக்குத் தொடங்குகிறது. நெல்சனுக்கு நியூட்டனின் காலம் முன்பே இருக்கிறது. அட்லரின் நூலில் சிறப்புச் சார்பியலின் தட்டையான காலவெளி முன்பே இருக்கிறது. ட ஹூஃப்டின் ஆட்டோமேட்டனுக்கு அடுத்த படி எது என்று சொல்லும் துடிப்பு முன்பே இருக்கிறது.

பொதுச் சார்பியல் மறுப்பது இதைத்தான். ஐன்ஸ்டைனின் 1915-ஆம் ஆண்டுக் கோட்பாட்டில் காலவெளி வெறும் படுகை அல்ல. பருப்பொருள் காலவெளியை வளைக்கிறது, வளைந்த காலவெளி பருப்பொருளை நடத்துகிறது. ஸ்ரீரங்கம் தீவையே எடுத்துக்கொள்ளலாம். ஆறு தீவைச் சுற்றி ஓடுகிறது, ஆனால் தீவின் மண்ணே ஆறு கொண்டுவந்த வண்டல். படுகையும் ஓட்டமும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன.

ஆகவே குவாண்டத்தை அடியிலிருந்து வருவிக்கிறேன் என்பவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: உங்கள் கடிகாரம் எங்கிருந்து வந்தது? நாம் அறிந்த கடிகாரங்கள் எல்லாம் பருப்பொருளால் ஆனவை. அப்பருப்பொருள் குவாண்டம் விதிக்கு உட்பட்டது. குவாண்டம் விதியே பின்னால் எழுவது என்றால், அது எழுவதற்கு முன் கடிகாரம் எப்படி ஓடியது?

இரண்டாவது கேள்வி சமநிலை பற்றியது. அட்லரின் வழியில் குவாண்டம் விதி ஒரு வெப்பச் சமநிலையின் முடிவு. ஆனால் சமநிலைக்கு ஓர் ஓய்வுச் சட்டகம் வேண்டும். எந்தச் சட்டகத்திலிருந்து பார்த்து அது சமநிலை? சார்பியலில் சிறப்புச் சட்டகம் என்று ஒன்று இல்லை. மேலும், சமநிலை என்றால் சமநிலை குலைந்த நிலையும் இருக்க முடியும். தொலைதூரத் தொடர்பு கொண்ட இவ்வகைக் கோட்பாடுகளில், சமநிலை குலைந்த இடத்தில் ஒளியைவிட வேகமாகச் செய்தி அனுப்ப வழி பிறக்கலாம் என்று அந்தோனி வாலன்டினி போன்றோர் விவாதித்துள்ளனர். அப்படியானால் காரணத்துக்கும் விளைவுக்கும் வரிசை வகுக்கும் காலவெளி அமைப்பே ஆட்டம் காணும்.

கடனைத் தீர்க்க முயன்றவர்

காலத்தைக் கடன் வாங்கக் கூடாது என்பதை வெளிப்படையாக எடுத்துப் பேசியவர்களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய தேஜிந்தர் பால் சிங் குறிப்பிடத்தக்கவர். செவ்வியல் காலத்தைச் சாராத ஒரு குவாண்டம் கோட்பாடு இருந்தே ஆக வேண்டும் என்பது அவருடைய நீண்டகால வாதம். அட்லரின் அணிகளோடு, பிரெஞ்சுக் கணிதவியலாளர் அலென் கோனின் பரிமாற்றமற்ற வடிவியலை இணைத்து, காலவெளியும் பருப்பொருளும் அடிமட்டத்தில் பிரிக்க முடியாதவை என்ற படத்தை 2019 முதல் முன்வைத்தார். அந்த அடிப்படை அலகுக்கு, ஐக்கியம் என்ற சொல்லிலிருந்து, ஐக்யான் என்று பெயரிட்டார். சாதாரணக் காலம் எழுவதற்கு முன் ஓடும் கடிகாரமாக, கோனின் கணிதத்திலிருந்து கிடைக்கும் ஓர் அளவுருவை எடுத்துக்கொள்கிறார்.

சிங்கின் வலிமை கேள்வியைச் சரியாகக் கேட்டதில் இருக்கிறது. அட்லர் விட்டுவைத்த படுகையை அவர் விட்டுவைக்கவில்லை. பலவீனம் விடையில் இருக்கிறது. இயற்கையின் அடிமட்டம் இந்தக் கணிதத்தைத்தான் தேர்ந்தெடுத்தது என்பதற்குத் தனிச் சான்று இல்லை. அட்லரிடமிருந்து வந்த ஓர் இடைவெளியும் உண்டு. சராசரியிலிருந்து விலகும் சிறு அதிர்வுகள் அலைச்சார்பைச் சரிய வைக்கின்றன என்று காட்ட, சரிவின்போதும் அலைச்சார்பின் மொத்த அளவு மாறாது என்பதைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது. கீழிருந்து தானாக எழ வேண்டிய ஒன்றை மேலிருந்து சேர்த்தால், அந்த அளவுக்கு வருவிப்பு குறைகிறது.

ஈர்ப்பை உதவிக்கு அழைத்தல்

வேறு சிலர் ஈர்ப்பைச் சிக்கலாகப் பார்க்காமல் தீர்வாகப் பார்த்தனர். 1997-இல் பிரான்செஸ்கோ கலோஜெரோ, நெல்சன் கேட்ட மர்ம அதிர்வு அண்டத்திலுள்ள எல்லாப் பொருள்களின் ஈர்ப்புச் சலசலப்பே என்றார். ஈர்ப்பு மாறிலி, அணுக்கருத் துகளின் நிறை, அண்டத்தின் அளவு ஆகியவற்றைச் சேர்த்தால் ப்ளாங்க் மாறிலிக்கு அருகில் ஓர் எண் கிடைக்கிறது. ஆனால் இரண்டு எளிய கேள்விகளை மாணவரே கேட்கலாம். எலக்ட்ரானுக்கும் அதே ப்ளாங்க் மாறிலிதான், அப்படியிருக்க ஏன் புரோட்டானின் நிறை? அண்டம் விரிகிறது, ப்ளாங்க் மாறிலி ஏன் அதோடு சேர்ந்து மாறவில்லை? எண் பொருந்துவது மட்டும் விளக்கம் ஆகாது.

லாயோஸ் டியோசியும் (1987) ரோஜர் பென்ரோஸும் (1996) சொன்னது வேறு. ஒரு பொருள் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் இருக்கும் மேற்பொருந்து நிலையில், அதன் ஈர்ப்பும் இரண்டு வடிவங்களில் இருக்க வேண்டும். அது நிலைக்காது, அலைச்சார்பு ஒரு பக்கம் சரியும். சரிவதற்கான காலம், ப்ளாங்க் மாறிலியை அந்த இரு நிலைகளின் நிறைப் பரவல் வேறுபாட்டுக்கு உரிய ஈர்ப்புத் தன்னாற்றலால் வகுத்தால் கிடைக்கும். இது குவாண்டத்தை முழுதாக வருவிக்கவில்லை, அதன் எல்லையை மட்டும் காட்டுகிறது. ஆனால் சோதிக்க முடியும் என்ற பெரிய நற்பண்பு இதற்கு உண்டு. சரிவு துகள்களை உலுக்கினால் மெல்லிய எக்ஸ் கதிர் வர வேண்டும். இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலையடி ஆய்வகத்தில் ஜெர்மேனியம் உணரியால் தேடி, டியோசி–பென்ரோஸ் மாதிரியின் மிக எளிய வடிவம் பொருந்தாது என்று 2020-இல் வெளியிட்டார்கள். அதுபோல, சரிவு அதிர்வு இருந்தால் நியூட்ரான் விண்மீன்கள் இப்போது காணப்படுவதைவிடச் சூடாக இருக்க வேண்டும் என்ற வாதத்தைக் கொண்டு 2019-இல் அன்டுவான் டில்லாய், தாமஸ் ஸ்டேஸ் இருவரும் இம்மாதிரிகளுக்கு வரம்பு இட்டனர்.

அடுத்த சோதனை இன்னும் கூர்மையானது. சௌகதோ போஸ் குழுவும், கியாரா மார்லெட்டோ–விளாட்கோ வெட்ரல் இருவரும் 2017-இல் தனித்தனியே முன்வைத்தது: இரண்டு நுண்பொருள்களை மேற்பொருந்து நிலையில் அருகருகே வைத்து, ஈர்ப்பு மட்டுமே அவற்றுக்கிடையே குவாண்டம் பின்னலை உண்டாக்குகிறதா என்று பார்ப்பது. போஸ் குழு சொன்ன நிறை சுமார் 10 ஆயிரம் கோடியில் ஒரு பங்கு கிராமை ஒட்டியது, மேற்பொருந்து நிலை சில நொடிகள் நிலைக்க வேண்டும். டியோசி–பென்ரோஸ் வாய்பாட்டை அதே நிறைக்குப் போட்டுப் பார்த்தால் சரிவுக் காலம் நூறில் ஒரு பங்கு நொடி என்ற வரிசையில் வருகிறது. ஆகவே பின்னல் தெரிந்தால் அந்த வாய்பாடு வீழும். ஆனால் இன்றுவரை மேற்பொருந்து நிலையில் காட்டப்பட்ட மிகக் கனமான பொருள்களில் ஒன்று, 2019-இல் வியன்னாவில் சோதித்த, 25,000 அணு நிறை அலகைத் தாண்டிய மூலக்கூறு. அதிலிருந்து இச்சோதனைக்கான நிறை சுமார் 24 கோடி மடங்கு தொலைவில் இருக்கிறது. விடைக்குக் காத்திருக்கத்தான் வேண்டும்.

ஒன்றன் தோளில் மற்றொன்று

எதிர்த்திசையிலும் ஒரு பெரிய முயற்சி நடந்துள்ளது. 1995-இல் டெட் ஜேக்கப்சன், ஐன்ஸ்டைன் சமன்பாடுகளை வெப்ப இயக்கவியலிலிருந்து வருவிக்கலாம் என்று காட்டினார். புனே ஐயூகாவில் பணியாற்றிய தாணு பத்மநாபன் (1957–2021) அவ்வழியில் ஈர்ப்பே ஓர் எழுபண்பு என்ற பார்வையைப் பல ஆண்டுகள் வளர்த்தெடுத்தார். இதில் காலவெளி நீரோட்டத்தைப் போன்றது, அதன் அணுக்கள் இன்னும் தெரியவில்லை.

ஆனால் இந்த வருவிப்பில் பயன்படும் வெப்பநிலை, முடுக்கத்தில் இருப்பவர் வெற்றிடத்தில் உணரும் வெப்பநிலை. அதில் ப்ளாங்க் மாறிலி இருக்கிறது. இறுதிச் சமன்பாட்டில் அது நீங்கிவிட்டாலும், வழியில் குவாண்டம் கோட்பாடு அடித்தளமாக நிற்கிறது. ஆக, குவாண்டம் எழுபண்பு என்பவர்கள் காலவெளியைக் கடன் வாங்குகிறார்கள், காலவெளி எழுபண்பு என்பவர்கள் குவாண்டத்தைக் கடன் வாங்குகிறார்கள். இரண்டு கட்டுரைகளையும் அடுத்தடுத்துப் படிக்கும் மாணவர் இரண்டும் உண்மை என்று நம்பிவிடக்கூடும். இரண்டையும் அப்படியே சேர்த்தால் ஒன்றன் தோளில் மற்றொன்று நிற்கும், தரையில் எதுவும் நிற்காது.

உரைகல்: சந்திரசேகர் வரம்பு

1930-இல் சென்னை மாநிலக் கல்லூரிப் படிப்பை முடித்துக் கப்பலில் இங்கிலாந்து சென்றபோது சந்திரசேகருக்கு வயது 19. வெண் குறுமீன் எனப்படும் எரிந்தடங்கிய விண்மீனைத் தாங்குவது வெப்பம் அல்ல, எலக்ட்ரான்களின் குவாண்டம் அழுத்தம். ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாது என்ற பௌலி விலக்கு விதியே அதன் காரணம். அந்தக் கணக்கில் சிறப்புச் சார்பியலைச் சேர்த்தபோது, ஓர் எல்லை நிறைக்கு மேல் அந்த அழுத்தம் ஈர்ப்பைத் தாங்காது என்று அவர் கண்டார். இன்று ஏற்கப்படும் மதிப்பு சூரிய நிறையைப் போல சுமார் 1.44 மடங்கு.

இந்த எல்லை ப்ளாங்க் மாறிலியின் ஒன்றரை அடுக்குக்கு நேர்விகிதத்திலும், ஈர்ப்பு மாறிலியின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதத்திலும் இருக்கிறது. ப்ளாங்க் மாறிலி ஒரு சராசரி என்றால், அது கடும் ஈர்ப்புள்ள இடத்தில் சற்றே மாறலாம் அல்லவா? ஒரு விழுக்காடு கூடினால் வரம்பு ஒன்றரை விழுக்காடு கூடும், 1.44 என்பது 1.46 ஆகும். எழுபண்புக் கோட்பாடு எதுவும் இந்த மாற்றம் எவ்வளவு, அல்லது ஏன் மாற்றமே இல்லை என்று சொல்லியாக வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. பெரிய பொருள் என்றால் குவாண்டம் பண்பு மறைந்துவிடும் என்பது இக்கோட்பாடுகளின் பொதுவான கூற்று. ஆனால் வெண் குறுமீன் சூரியன் அளவு கனமான பொருள். அதை நிற்கவைப்பதே குவாண்டம் விதிதான். இரண்டு இடங்களில் இருக்கும் நிலையை ஈர்ப்பு குலைக்க வேண்டும், அதே வேளையில் விலக்கு விதியைத் தொடக் கூடாது. அலைச்சார்புச் சரிவு மாதிரிகளை ஒத்த துகள்களுக்கும் பொருந்துமாறு ஜிரார்டி, பியர்ல், ரிமினி ஆகியோர் 1990-இல் எழுதினார்கள், எனவே இது முடியாத காரியம் அல்ல. ஆனால் அவர்கள் விலக்கு விதியை வருவிக்கவில்லை, ஏற்றுக்கொண்டார்கள். அட்லரும் இருவகைத் துகள்களையும் அடிமட்டத்திலேயே இருவகை அணிகளாக வைத்துவிடுகிறார். விண்மீனைத் தாங்கும் விதி எழவில்லை, முதலிலேயே வைக்கப்பட்டது.

எடிங்டன் தரும் எச்சரிக்கை

1935 ஜனவரி 11 அன்று லண்டனில் ராயல் வானியல் கழகக் கூட்டத்தில் ஆர்தர் எடிங்டன் சந்திரசேகரின் முடிவைக் கடுமையாக மறுத்தார். விண்மீன் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஒரு விதி இருக்க வேண்டும் என்பது அவருடைய நிலை. அதற்காகக் குவாண்டம் விதியைச் சார்பியலோடு இணைத்த வாய்பாட்டையே தவறு என்றார். ஈர்ப்பின் விளைவு பிடிக்கவில்லை என்பதால் குவாண்டத்தைத் திருத்தப் பார்த்தார் என்று இதைச் சுருக்கலாம். இயற்கை சந்திரசேகர் பக்கம் நின்றது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அதே எடிங்டன் நுண்கட்டமைப்பு மாறிலியைத் தூய சிந்தனையால் வருவிக்கப் பார்த்தார். முதலில் 136-இல் ஒன்று என்றார், அளவீடு 137-ஐ நெருங்கியதும் 137-இல் ஒன்று என்று மாற்றிக்கொண்டார். சிங்கின் திட்டத்திலும் ஆக்டோனியன் எண்களைக் கொண்டு இதே மாறிலியை வருவித்ததாகக் கூறும் கட்டுரை உண்டு. இருவரையும் ஒன்றாக்குவது நியாயம் அல்ல, சிங்கின் கணிதம் வேறு வகையானது. ஆனால் முன்பே தெரிந்த எண்ணை அடைவதற்கும், தெரியாத எண்ணை முன்கூட்டிச் சொல்வதற்கும் இடையே உள்ள வேறுபாடு அனைவருக்கும் பொது.

மதிப்பீடு

எழுபண்புக் குவாண்டம் என்ற எண்ணம் அறிவியலுக்குப் புறம்பானது அல்ல. ப்ளாங்க் மாறிலி ஏன் இருக்கிறது என்ற கேள்வியை அது உயிரோடு வைத்திருக்கிறது, கிரான் சாஸ்ஸோ போன்ற நல்ல சோதனைகளைத் தூண்டியிருக்கிறது. அதன் குறை ஈர்ப்பைக் கடைசிப் பாடமாக வைத்ததில் இருக்கிறது. படுகை இல்லாமல் ஓட்டத்தைப் பேச முடியாது. ஈர்ப்பு என்பதே படுகையைப் பற்றிய விதி.

இத்துறையில் புதிய கட்டுரை ஒன்றைப் படிக்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளலாம். இதன் கடிகாரம் எங்கிருந்து வந்தது? வெண் குறுமீனைத் தாங்கும் விலக்கு விதியை இது வருவிக்கிறதா, இல்லை முன்பே வைத்துக்கொள்கிறதா? இன்னும் அளக்கப்படாத எந்த எண்ணை இது சொல்கிறது? மூன்றுக்கும் விடை தரும் கோட்பாடு இப்போது இல்லை. அதற்காக முயற்சி வீண் என்று சொல்லிவிட முடியாது. குவாண்டம் வீழ்ந்தது என்ற தலைப்புகளை நம்பவும் முடியாது. 19 வயதில் கப்பலில் போட்ட ஒரு கணக்கு, அடியில் எந்த இயந்திரம் இருக்கிறது என்று தெரியாமலேயே, அதற்கான தேர்வுத்தாளை எழுதி வைத்துவிட்டது. புதிய கோட்பாடுகள் இன்னும் அந்தத் தேர்வை முழுதாக எழுதவில்லை.